காலி பஸ்ஸில் ஒரு சுற்று

அத்தியாயம் 17

அப்பாவின் மேசை இழுப்பறையில், பிளாஸ்டரில் வார்த்த பல் வரிசைகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த அந்தப் படிவத்தை மகள் கண்டெடுத்தது வியாழக்கிழமை மாலை. அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

காரணம், விடிந்தால் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அம்மாவுக்கு டிப்போவில் டெஸ்ட்.

அம்மா, அந்த வீட்டின் பெரியவள், பன்னிரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டியவள். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், நாற்பது பயணிகள் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒரு நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்தவளால் மறுபடி சாவியைத் திருப்ப முடியவில்லை. கை இருந்தது. சாவி இருந்தது. திருப்புவதற்கு உள்ளே ஆள் இல்லை. டாக்டர் அதை மனச்சோர்வு நோய் என்றார். மாத்திரை எழுதினார். புதன்கிழமை தோறும் நூலகத்து மாடியில் கூடும் ஒரு குழுவுக்குப் போகச் சொன்னார். மெல்ல மெல்ல, இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று நகர்ந்து, போன வாரம்தான் 'பணிக்குத் தகுதி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இன்று ஜெயித்தால் ஸ்டியரிங். இல்லாவிட்டால் நிரந்தரமாக டிக்கெட் கவுன்ட்டர்.

காலை ஆறே முக்கால். பெரியவளின் கணவர் வழக்கம்போல் முன்னறைப் பட்டறையில் யாருக்கோ செய்த கடைவாய்ப் பல்லை மெருகேற்றிக்கொண்டிருந்தார். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். பல்லைச் செய்வது இவர். பதற்றம் வந்தால் இரண்டு காரியம் செய்வார்: ஒன்று மெருகேற்றுவார், இன்னொன்று மொக்கை ஜோக் சொல்வார்.

மகள் படிவத்தை மெஷினுக்கு முன்னால் நீட்டினாள்.

"இது என்னப்பா?"

மெஷின் நின்றது.

"உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"கேள்வி நான் கேக்கணும். 'ஓட்டுநர் பணியிலிருந்து விலகி, கவுன்ட்டர் பணிக்கு மாற விரும்புகிறேன்.' உங்க எழுத்து. கீழ அம்மா கையெழுத்து. அம்மா முடியாம கிடந்தப்ப ஏமாத்தி வாங்கிட்டீங்களா?"

"மெதுவா பேசு. அம்மா தூங்குறா."

"அம்மா தூங்கல. நான் எட்டிப் பாத்தேன். சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கா."

பல் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் 'சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்' என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மூன்றாவது ஆள் அந்த நிமிடம்தான் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பெரியவளின் தங்கை, சின்னவள். தையல்கடை வைத்திருப்பவள். ஏழு மாதத்தில் அக்கா இளைத்துப்போனதால் சீருடையைப் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, சட்டை மடங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"எங்க நம்ம ஸ்டியரிங் மகாராணி? ரெடியா?"

சின்னவளின் கண் படிவத்தில் விழுந்தது. நின்றபடியே படித்தாள். முகம் சிவந்தது.

"மாமா! நீங்களா இந்த வேலையைப் பண்ணீங்க? அக்கா மறுபடி பஸ் ஓட்டணும்னு நான் ராத்திரி பகலா பாடுபட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க பின்னாடி குழி தோண்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்லம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"என்னத்தைச் சொல்லப் போறீங்க! பொண்டாட்டி வீட்டோட கிடந்தா உங்களுக்கு வசதி, அதானே?"

"சித்தி, கத்தாத!"

"அவரைத் திட்டாதீங்க."

கடைசியாக வந்த குரல் படுக்கையறைக்குள்ளிருந்து. மெல்லிய, தூசி படிந்த குரல். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குள் நுழையப் பார்த்து, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

பெரியவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அதை நான்தான் எழுதச் சொன்னேன். மூணாவது மாசம். எனக்குப் பேனா பிடிக்கக்கூடத் தெம்பில்ல. அவர் எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேன். கொண்டுபோய்க் குடுங்கன்னு அழுதேன். சாயங்காலம் வந்து குடுத்துட்டேன்னு சொன்னாரு." சற்று நிறுத்தினாள். பிறகு மெதுவாகப் புரண்டு கணவரைப் பார்த்தாள். "ஏங்க, குடுக்கலையா?"

"குடுக்கல."

"போன வாரம் டெஸ்டுக்குக் கடுதாசி வந்தப்பவே நெனச்சேன். ஆபீஸ்ல தொலைச்சிட்டாங்க போலன்னு."

"டிப்போ கேட் வரைக்கும் போனேன்." அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "உள்ள போகக் கால் வரல. நோய் எழுதச் சொன்ன கடுதாசியை, நீ எழுதினதுன்னு நான் எப்படிம்மா குடுக்கிறது? உனக்கு நல்லானதும் நீயே முடிவு பண்ணுவேன்னு வச்சிட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்து உன்கிட்ட சொன்ன ஒரே பொய் அதுதான்."

"ஒரே பொய்யா? நான் சுட்ட கேக் நல்லா இருக்குன்னு சொன்னது?"

"சரி, ரெண்டாவது பொய்."

பெரியவளின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பின் அரைப் பங்கு. மகள் அதைக் கேட்டுத் துள்ளினாள். சின்னவள் மாமாவைப் பார்க்க வெட்கப்பட்டு, சீருடையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க மாமா. வாய் முந்திக்கிச்சு."

"உன் வாய் என்னிக்குப் பிந்தியிருக்கு?"

எல்லோருக்கும் நிம்மதி. இதோ எழுந்துவிடுவாள் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் எழவில்லை.

"சந்தோஷமாத்தான் இருக்கு," என்றாள் கூரையைப் பார்த்து. "நிஜமாவே சந்தோஷமா இருக்கு. ஆனாலும் எழுந்திரிக்க முடியல. நெஞ்சு மேல மூட்டை வச்ச மாதிரி இருக்கு. இன்னிக்குன்னு பாத்து வந்து உக்காந்திருக்கு பாருங்க."

சின்னவளுக்குக் கை பரபரத்தது. "அக்கா, கொஞ்சம் மனசைத் திடமா வச்சுக்கிட்டு…" என்று தொடங்கியவளின் இடுப்பில் மகள் நறுக்கென்று கிள்ளினாள். குழுவில் குடும்பத்தினருக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான்: திடத்தைப் பற்றிப் பேசாதே. கால் உடைந்தவனிடம் ஓடு என்று யாராவது சொல்வார்களா?

மகள் போனை எடுத்தாள். குழுவில் ஒரு தபால்காரர் உண்டு. நான்கு வருடமாக இதே நோயோடு வாழ்கிறவர். பெரியவள் முதல்நாள் குழுவுக்குப் போனபோது, மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டவளைப் பார்த்து, 'நானும் மூணு புதன்கிழமை இந்தப் படியிலயே நின்னுட்டுத் திரும்பிப் போனவன்தான்' என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

ஸ்பீக்கரில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் சத்தம் கேட்டது. மகள் விவரம் சொன்னாள்.

"டெஸ்ட் எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு."

"இப்ப ஏழு அஞ்சு. அப்ப டெஸ்ட் பேச்சை யாரும் எடுக்காதீங்க. டிரைவர், கேக்குதா?"

"ம்."

"பல் மட்டும் தேய்ச்சிட்டு வாங்க. வந்து திரும்பப் படுத்துக்கங்க."

"படுத்துக்கலாமா?"

"தாராளமா. வீட்டுல இருக்கிறவங்க கவனிங்க. படுத்தா படுக்க விடணும். 'ச்சு' கூடக் கொட்டக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா," என்றார்கள் மூன்று பேரும்.

பெரியவள் எழுந்தாள். ஒவ்வொரு காலாக. பல் தேய்த்தாள். திரும்பி வந்து போர்வையை இழுத்துப் படுத்துக்கொண்டாள்.

சின்னவள் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, அங்கே நின்று சத்தமில்லாமல் குதித்தாள். சத்தியம் சத்தியம்தானே!

ஏழே முக்காலுக்கு முகம் கழுவினாள். வந்து படுத்தாள். எட்டேகாலுக்கு இரண்டு துண்டு ரொட்டி, மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். படுத்தாள், ஆனால் இந்த முறை போர்வை இல்லை. எட்டே நாற்பதுக்குக் குளித்துவிட்டு வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலும் அவளைப் பார்த்தது.

"அந்தச் சட்டையைக் குடு," என்றாள் தங்கையிடம்.

வீடே எழுந்து நின்றது!

சட்டை கச்சிதம். கால்சட்டைதான் இடுப்பில் இன்னும் ஒரு விரல் தொளதொளத்தது. "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எடுத்த அளவு இது, அதுக்குள்ள எங்க போச்சு இடுப்பு?" என்று சின்னவள் வாயில் குண்டூசிகளோடு முழந்தாளிட்டு, அக்கா நிற்க நிற்கவே இழுத்துத் தைத்தாள்.

"அசையாதே, குத்திடும். அக்கா, அங்க போய்க் காலையில படுத்திருந்த கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத."

"சொல்லத்தான் போறேன்."

ஊசி நின்றது. கணவரும் நிமிர்ந்தார்.

"வேண்டாம்மா. டெஸ்ட் எடுக்கிறது நீங்கல்லாம் சிவப்புப் பேனான்னு கூப்பிடுற அதிகாரி. அந்தம்மா முன்னாடி மூச்சு விட்டாலே ஒரு மார்க் குறைப்பாங்கன்னு நீதான சொல்லுவ?"

"போன தடவை எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லியிருந்தா அன்னிக்கு அந்த நாப்பது பேரை நடுவழியில உக்கார வச்சிருக்க மாட்டேன். மறைச்சு ஜெயிச்சா, தெனம் மறைக்கணும்ங்க. அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

மகள் மட்டும் சொன்னாள்: "சொல்லு அம்மா. அப்புறம் எது நடந்தாலும் நடக்கட்டும்."

மணி பத்து. நான்கு பேர், ஒரு ஸ்கூட்டர். பஸ் ஓட்டுகிறவளின் கணவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவரும் மகளும் பஸ்ஸுக்கு ஓட, சின்னவள் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சின்னவள் தைப்பது நேர்கோடு. ஓட்டுவது அப்படியில்லை. முதல் திருப்பத்திலேயே ஒரு லாரியின் மூக்கை உரசுகிற மாதிரி வளைத்தாள்.

"இண்டிகேட்டர் போடுடி!"

"போட்டேனே!"

"நீ போட்டது ஹார்ன்! கண்ணாடியைப் பாரு. பின்னாடி வர்றவனுக்கு நீ என்ன பண்ணப் போறன்னு தெரிய வேணாமா? பிரேக்கை அமுக்காத, தடவு. தடவுன்னு சொல்றேன்!"

சின்னவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தாள். கண் கலங்கிக்கொண்டு வந்தது. ஏழு மாதமாகக் கேட்காத அதட்டல்! வேண்டுமென்றே அடுத்த திருப்பத்தையும் தப்பாக எடுத்தாள். திட்டு இரண்டு மடங்காக வந்தது.

டிப்போ. டீசல் வாசனை, ஈரத் தரை, வரிசையாக நிற்கும் பஸ்கள். பணிமனையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு ஓட்டுநர்கள் பெரியவளைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல்தான். அவள் அவர்களைப் பார்க்காத மாதிரி நடந்தாள்.

சிவப்புப் பேனா ஏற்கனவே காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. தடித்த கண்ணாடி, கையில் அட்டை, அட்டையில் செருகிய அந்தப் பேனா.

"மருத்துவச் சான்றிதழ்?"

கொடுத்தாள்.

"மாத்திரையால தூக்கக் கலக்கம் இருக்கா?"

"இல்ல மேடம். டாக்டர் பாத்து மாத்திக் குடுத்திருக்காங்க." எச்சில் விழுங்கினாள். "ஒரு விஷயம் சொல்லணும். இன்னிக்குக் காலையில எனக்குக் கட்டிலை விட்டு எழுந்திரிக்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. இப்பக் கை நடுங்கல, கண்ணு தெளிவா இருக்கு, ஓட்ட முடியும்னு தோணுது. முடியலன்னா ஓரமா நிறுத்திட்டுச் சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

சிவப்புப் பேனா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அட்டையில் ஒரு வரி எழுதினார். சிவப்பில். நீளமான வரி.

போச்சு, என்று நினைத்துக்கொண்டாள் பெரியவள்.

"வண்டியைச் சுத்திப் பாத்துட்டு வாங்க," என்றார் அவர்.

டயர், விளக்கு, கதவு, அவசர வழி. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு மூன்று படி ஏறி இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னே இழுத்தாள். கண்ணாடிகளைத் திருப்பினாள். பின்னால் நாற்பது காலி இருக்கைகள்.

சாவி. கை. இந்த முறை உள்ளே ஆள் இருந்தது.

இன்ஜின் உறுமியதும் அவளுக்கு உச்சந்தலை வரை சிலிர்த்தது. காற்றழுத்த முள் மெல்ல ஏறிப் பச்சையைத் தொடும் வரை காத்திருந்தாள். பிரேக்கை விடுவித்தாள். புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுப் பன்னிரண்டு மீட்டர் வண்டி நகர்ந்தது.

கேட்டுக்கு வெளியே மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். மகள் இரண்டு கையையும் ஆட்டினாள். பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. டெஸ்ட் ஆயிற்றே! கண்ணாடியில் மட்டும் பார்த்தாள்.

முதல் கிலோமீட்டரில் தோள் இறுகியிருந்தது. இரண்டாவதில் தளர்ந்தது. வட்டச் சாலையில் வண்டி வளைந்தபோது உடம்பே முன்கூட்டிக் கணக்குப் போட்டது: பின்சக்கரம் எங்கே வரும், விளிம்புக்கல் எவ்வளவு தூரம், வலப்பக்கம் வரும் சைக்கிள்காரர் எப்போது தயங்குவார். மறக்கவில்லை! ஒன்றும் மறக்கவில்லை! வாய்விட்டுப் பாட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் கார் நிறுத்திய ஒரு குறுகிய தெருவுக்குள் நுழைந்தார்கள். பாதி தூரம் போனதும் முன்னால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. குழாய் வெடித்து நடுரோட்டில் பள்ளம். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து ஓடி வந்தார்.

"போக முடியாது! பின்னாடி எடுங்க!"

பின்னாடி என்றால் எண்பது மீட்டர். இரண்டு பக்கமும் கார்கள். இடைவெளி ஒரு சாணும் கொஞ்சமும்.

"டிப்போவுக்குப் போன் பண்ணி ஆள் கூப்பிடலாம்," என்றார் சிவப்புப் பேனா. "இது டெஸ்ட்ல இல்ல. உங்க இஷ்டம்."

பெரியவள் கண்ணாடிகளைப் பார்த்தாள். இடது. வலது.

"நீங்க பின்னாடி இறங்கி நின்னு கை காட்டுங்க மேடம். எடுத்துடலாம்."

சிவப்புப் பேனா அட்டையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். தெருவே வேடிக்கைக்கு வந்துவிட்டது. சலவைக்கடைப் பெண் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பூட்டு ரிப்பேர்க்காரர் ஸ்டூல் மேல் ஏறினார்.

"இடது! இடது!"

"யாரோட இடதுய்யா?"

"என் இடது!"

"உன் இடதை வச்சு பஸ் என்ன பண்ணும்!"

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று சிவப்புப் பேனா போட்ட சத்தத்தில் தெரு அடங்கியது.

அங்குலம் அங்குலமாக வண்டி பின்னால் போனது. இருபது மீட்டர். நாற்பது. அப்போது பின்னாலிருந்து ஒரு கார்க்காரர் பொறுமையில்லாமல் ஹார்ன் அடித்தார். விடாமல் அடித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர்.

அந்தச் சத்தம்! ஏழு மாதத்துக்கு முன்னால் அதே சத்தத்துக்கு நடுவில்தான் அவள் உறைந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் ஆட்டம் கண்டன. கண்ணாடியில் தெரிந்த தெரு ஒரு கணம் தூரமாக, யாருடைய தெருவோ போல ஆனது.

பிரேக். கைப்பிரேக். புஸ்ஸென்று வண்டி நின்றது. பெரியவள் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். குரல் உடைந்தாலும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"மேடம்! கை நடுங்குது. எனக்கு ஒரு நிமிஷம் வேணும்!"

தெரு முழுக்கக் கேட்டது. சொல்லிவிட்டாள்! வானம் இடிந்து விழவில்லை.

சிவப்புப் பேனா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேராக அந்தக் கார்க்காரரிடம் போய் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னார். ஹார்ன் நின்றது, கார்கள் பின்வாங்கி வழிவிட்டன. திரும்பி வந்து தன் இடத்தில் நின்று, "நான் இங்கதான் இருக்கேன். எடுத்துக்கோங்க," என்றார்.

பெரியவள் கண்ணை மூடவில்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, எதிரே தெரிந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். பூட்டு. சாவிக்கொத்து. ஸ்டூல். மஞ்சள் சட்டை. கொடியில் நீலத் துண்டு. மூச்சு நெஞ்சைத் தாண்டி வயிறு வரை இறங்கியது. தெரு பக்கத்தில் வந்து அதனிடத்தில் நின்றது. விரல்களைப் பார்த்தாள். நின்றுவிட்டன.

"வரலாமா மேடம்?"

"வாங்க!"

அறுபது மீட்டர். எழுபது. ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு விரல்தான் போகும். போனது. வண்டியின் வால் பெரிய ரோட்டை எட்டியதும் சலவைக்கடைப் பெண் விசில் அடித்தாள். தெருவே கை தட்டியது. 'என் இடது' ஆசாமி தான்தான் வழிகாட்டினதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவப்புப் பேனா ஏறி உட்கார்ந்தார். அவர் தலைமுடியெல்லாம் தண்ணீர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலாம்," என்றார். அவ்வளவுதான் பேசினார், டிப்போ வந்து சேரும் வரை.

அலுவலகத்தில் அட்டையை மேசைமேல் அவள் பக்கம் திருப்பி வைத்தார். புறப்படும் முன் எழுதிய சிவப்பு வரி: 'தன் நிலையைக் கேட்காமலே தானாகச் சொன்னார். இவர் சொல்லை நம்பலாம்.'

"தேர்ச்சி," என்றார். "மூச்சு விடுங்க. நான் மார்க் குறைக்க மாட்டேன்."

அதுவும் அவர் காதுக்குப் போயிருக்கிறது! பெரியவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

"நாலு வாரம் அரை ஷிப்ட். கூடவே ஒரு துணை ஓட்டுநர் வருவார், முடியலன்னா மாத்திக்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர் கடிதம். அப்புறம் முழு ஷிப்ட். துணைக்கு யாருக்கு விருப்பம்னு கேட்டு ஓட்டுநர் அறையில ஒரு தாள் ஒட்டியிருந்தேன். இந்தாங்க, நீங்களே தேர்ந்தெடுங்க."

மடித்த தாளைப் பையில் போட்டுக்கொண்டாள். பிரித்துப் பார்க்கப் பயம். காலியாக இருந்தால்?

கேட்டை நோக்கி நடந்தாள். மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் மகள் கத்திய கத்தலில் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். ஒரு குண்டூசி இன்னும் இடுப்பில் இருந்திருக்கிறது. "ஆ!" என்றாள் பெரியவள், சிரிப்போடு.

கணவர் பக்கத்தில் வந்தார். ஜோக் ஒன்றும் வரவில்லை. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு மறுபடி சுவத்தைப் பாத்துப் படுத்தாலும் படுப்பேன்ங்க," என்றாள் அவரிடம் மட்டும்.

"படு. நான் பல் தேய்க்கச் சொல்றேன். என் தொழிலே அதான?"

வந்துவிட்டது ஜோக்!

மகள் தாளைப் பிடுங்கிப் பிரித்தாள். காலியாக இல்லை. முதல் வரியில், டிப்போவில் எல்லோரும் 'ஆறடி' என்று கூப்பிடும் நெட்டை ஓட்டுநரின் கிறுக்கல். அடுத்து, பாடிக்கொண்டே பஸ் ஓட்டும் பாட்டுக்காரர். அடுத்து, காலையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்ட இரண்டு பேரும். பத்துக் கையெழுத்து! ஒருவர் பக்கத்திலேயே 'எந்த ஷிப்டும் சரி' என்று எழுதியிருந்தார். பெரியவள் அந்தப் பத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஏழு மாதமாக அவர்கள் தன்னைப் பைத்தியம் என்று பேசிக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணாவது ஒண்ணு இருக்கு பாரு," என்றாள் சின்னவள்.

அடியில், தாளின் ஓரத்தில், பென்சிலில் சின்னதாக ஒரு போன் நம்பர். பெயர் இல்லை. பக்கத்தில் இரண்டே சொல்: 'எனக்கும் அப்படித்தான்.'

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் எழுத்தை உற்றுப் பார்த்தாள். "யாரும்மா இது?"

"தெரியல."

வாசலில் பஸ்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒவ்வொரு ஸ்டியரிங்குக்குப் பின்னாலும் ஒரு முகம். அவர்களில் யாராகவும் இருக்கலாம்.

பெரியவள் சற்றுத் தள்ளி, காவலாளி அறைச் சுவரோரம் போய் நின்று அந்த நம்பரைப் போட்டாள். மூன்று முறை அடித்தது. நான்காவதில் எடுத்தார்கள்.

யாரும் பேசவில்லை. மறுமுனையில் இன்ஜின் ஓடும் சத்தம். அதற்கு மேல், அடக்கி அடக்கி விடும் மூச்சு.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் விட்டதும் அதே மூச்சுதான்.

"அந்தத் தாள்ல உங்க நம்பரைப் பாத்து நான்தான் கூப்பிடுறேன்," என்றாள் பெரியவள். "நீங்க யாருன்னு இப்ப சொல்ல வேண்டாம். வண்டியை ஓரமா நிறுத்துங்க. முதல்ல அது. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் புஸ்ஸென்று பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது.